தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழ் ஏதிலி மாணவர்களின் கல்வி உரிமை

தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழ் ஏதிலி மாணவர்களின் கல்வி உரிமை என்பது, 1983-ஆம் ஆண்டு முதல் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து தங்கிய ஏதிலியரின் பிள்ளைகள் பள்ளியிலும் கல்லூரியிலும் சேர்ந்து பயில்வதற்கான உரிமையையும், அவ்வுரிமைக்காக நீதிமன்றங்களிலும் அரசு அலுவலகங்களிலும் நடந்துவரும் முயற்சிகளையும் குறிக்கும். இந்திய அரசியலமைப்புச் சட்டம் சில உரிமைகளை "குழந்தை" என்ற சொல்லாலும், சிலவற்றை "நபர்" என்ற சொல்லாலும், வேறு சிலவற்றை "குடிமகன்" என்ற சொல்லாலும் வரையறுக்கிறது. ஓர் ஏதிலி மாணவருக்குப் பள்ளிக் கதவு திறந்திருப்பதும், சில கல்லூரிக் கதவுகள் மூடியிருப்பதும் பெரும்பாலும் இச்சொற்களின் வேறுபாட்டினால் விளைந்தவை. எனவே இக்கல்விச் சிக்கலைக் குடியுரிமைச் சிக்கலிலிருந்து பிரித்துப் புரிந்துகொள்ள இயலாது.

சொற்கள்

அகதி, ஏதிலி ஆகிய இரண்டும் ஒரே பொருளில் வழங்குகின்றன. ஆயினும் இந்தியச் சட்டத்தில் "அகதி" என்றொரு வகை இல்லை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் தொடர்பான பன்னாட்டு உடன்படிக்கையிலும் அதன் 1967-ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா ஒப்பமிடவில்லை. அகதிகளுக்கெனத் தனி உள்நாட்டுச் சட்டமும் இயற்றப்படவில்லை. ஆகவே சட்டத்தின் பார்வையில் இவர்கள் வெளிநாட்டவர். கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்தவர்களாயின் "சட்டவிரோதக் குடியேறிகள்". நடைமுறையில் இவர்கள் அகதிகளாகப் பதிவு செய்யப்பட்டு, உதவித்தொகையும் அடையாள அட்டையும் பெறுகின்றனர். சட்டத்தில் ஒரு பெயரும் நடைமுறையில் வேறொரு பெயருமாக நாற்பது ஆண்டுகள் கடந்துள்ளன. 2021 ஆகஸ்ட் மாதத்தில் தமிழ்நாடு அரசு "அகதிகள் முகாம்" என்ற பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என மாற்றியது. இம்மாற்றத்தால் அவர்களின் சட்ட நிலை மாறவில்லை.

"தாயகம் திரும்பியோர்" எனப்படுவோர் வேறு வகையினர். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற்று, இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்கள் இவர்கள். இவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வியில் குடியுரிமைத் தடை ஏதும் இல்லை.

பின்னணி

மலையகத் தமிழரில் பெரும்பாலோரின் முன்னோர் 19-ஆம் நூற்றாண்டில் கங்காணிகளின் வழியாக இலங்கைக்குச் சென்றவர்கள். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஆகிய பகுதிகளே அவர்களின் பூர்விகம். தஞ்சை நெல்வயல்களில் சொந்த நிலமின்றிக் கூலிக்கு உழைத்த குடும்பங்கள் அவர்களுள் இருந்தன. பின்னாளில் சென்றவர்கள் போகும் வழியில் மண்டபத்தில் இருந்த இலங்கை அரசின் முகாமில் தங்கவைக்கப்பட்டு மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். (அதே மண்டபம் பிற்காலத்தில் எதிர்த்திசையில் வந்தவர்களுக்கான முகாமானது.) 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் போக்குவரத்து 1984-இல் நின்றது. அதனுடன் இவ்வொப்பந்தத்தின்கீழ் நடந்த பயணங்களும் நடைமுறையில் நின்றுபோயின.

1983 ஜூலையில் நடந்த இனக்கலவரத்துக்குப் பின் வடக்கு, கிழக்கு மாகாணத் தமிழரும் மலையகத் தமிழரும் படகுகளில் இராமேசுவரம், கோடியக்கரை போன்ற இடங்களில் வந்திறங்கினர். 1983–87, 1989–91, 1996 முதல், 2006 முதல் என நான்கு கட்டங்களாக இவ்வருகை நிகழ்ந்தது. நடுவண் உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 1983 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை வந்தவர்கள் 3,04,269 பேர். அவர்களில் பலர் பின்னர் இலங்கைக்குத் திரும்பினர் அல்லது வேறு நாடுகளுக்குச் சென்றனர். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டபடி 108 முகாம்களில் 58,822 பேரும், காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு முகாமுக்கு வெளியே 34,087 பேரும் வாழ்ந்தனர்.

காவிரிப் படுகையின் தலைப்பகுதியான திருச்சிராப்பள்ளியில் கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை ஆகிய இரு முகாம்கள் உள்ளன. முன்னது வானூர்தி நிலையத்தின் அருகிலும், பின்னது தஞ்சாவூர்ச் சாலையில் துவாக்குடிக்கு அருகிலும் அமைந்துள்ளன. பூர்விக ஊர்களிலிருந்து பேருந்தில் சென்றுவரக்கூடிய தொலைவில் இருந்தபோதும் இவற்றில் வாழும் மலையகக் குடும்பங்கள் சட்டப்படி வெளிநாட்டவர். ஒரே தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்த இரு சகோதரர்களில் 1975-இல் இந்தியக் கடவுச்சீட்டுடன் கப்பலில் வந்தவர் குடிமகன். 1990-இல் படகில் வந்தவர் ஏதிலி. அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்தாலும், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் அவர்களின் வழிகள் பிரிகின்றன.

1991-க்கு முன்னும் பின்னும்

1980-களில் முகாம் மாணவர்கள் அருகிலிருந்த அரசுப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். இந்தியாவுக்கு வந்த பிற ஏதிலிச் சமூகங்களுடன் ஒப்பிடும்போது இவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: பாடமொழி தாய்மொழியாகவே அமைந்தது. திபெத்தியருக்காக நடுவண் அரசு 1961-இல் தனிப் பள்ளி நிருவாகம் ஒன்றையே அமைக்க நேர்ந்தது. ஈழத்திலிருந்து வந்த பிள்ளை மறுநாளே உள்ளூர்ப் பள்ளியில் அமர்ந்து பாடம் கேட்க முடிந்தது. பாடநூல், சீருடை, சத்துணவு ஆகியவற்றிலும் பிற மாணவர்களைப் போலவே நடத்தப்பட்டனர். தொழிற்கல்விப் படிப்புகளில் மாநில அரசு அவர்களுக்குச் சில இடங்களை ஒதுக்கியது.

1991 மே 21 அன்று இராஜீவ் காந்தி திருப்பெரும்புதூரில் கொல்லப்பட்டதையடுத்து நிலைமை தலைகீழானது. பள்ளி, கல்லூரிகளில் ஏதிலி மாணவரின் சேர்க்கை தடைப்பட்டது. உயர்கல்வி ஒதுக்கீடு நிறுத்தப்பட்டது. தன்னார்வ நிறுவனங்கள் முகாம்களுக்குள் பணியாற்றுவதும் கட்டுப்படுத்தப்பட்டது. 1992-இல் ஏதிலியரைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியபோது, கல்வி மறுப்பும் அவர்களை வெளியேறத் தூண்டும் அழுத்தங்களில் ஒன்று என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

இக்காலத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. இராமதாசும் தனித்தனியே தொடர்ந்த வழக்குகள் குறிப்பிடத்தக்கவை. ஏதிலியரின் விருப்பமின்றி அவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதே அவற்றின் கோரிக்கை. ஒப்புதல் படிவங்கள் ஏதிலியருக்குத் தெரியாத ஆங்கிலத்தில் இருந்தமை நீதிமன்றத்தில் சுட்டிக்காட்டப்பட்டது. பின்னர் தமிழ்ப் படிவங்கள் வந்தன. ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையம் 1992-இல் சென்னையில் அலுவலகம் திறந்து, திரும்புவோரின் விருப்பத்தை நேரில் கேட்டறிந்தது. இவ்வழக்குகள் கல்வியைப் பற்றியவை அல்ல. ஆயினும் ஓர் ஏதிலி இந்திய நீதிமன்றத்தில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க இயலாது என்பதன் எல்லை இவற்றில் தென்பட்டது. தன் உயிருக்கும் விருப்பத்துக்கும் பாதுகாப்புக் கேட்கலாம். ஒதுக்கீடு கேட்பதற்குச் சட்டப் பிடிமானம் இல்லை.

ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம்

அப்பிடிமானம் இல்லாத இடத்தில் பேச்சுவார்த்தையே கருவியாயிற்று. இதில் முதன்மையாகப் பணியாற்றியது ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் மகனும் வழக்கறிஞருமான எஸ். சி. சந்திரகாசன் 1984-இல் சென்னையில் இதனை நிறுவினார். ஏதிலியரே நடத்தும் அமைப்பு இது என்பது அதன் தனித்தன்மை. உணவும் உறைவிடமும் அரசு தரும், கல்வியை விட்டுவிட்டால் ஒரு தலைமுறையே வீணாகும் என்ற கணிப்பில் தொடக்கத்திலிருந்தே கல்விக்கு முன்னுரிமை அளித்தது. முகாம்களில் மாலை நேர வகுப்புகள் நடந்தன. படித்த மூத்த மாணவர்கள் இளையோருக்குக் கற்பித்தனர். இயேசு சபை அகதிகள் பணியகமும் 1990 முதல் இத்தகைய வகுப்புகளை நடத்தியது.

பள்ளிச் சேர்க்கைத் தடையை நீக்குவதற்கு இவ்வமைப்புகள் அமைச்சர்களிடமும் செயலாளர்களிடமும் மனுக்களுடன் சென்றன. 1996-இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு பொறுப்பேற்றபின் உயர்கல்வியில் சிறப்பு ஒதுக்கீடு மீண்டும் வழங்கப்பட்டது. இது பெரிய வெற்றி. ஆனால் ஒரு குறையும் இதில் அடங்கியிருந்தது: அரசாணையால் வருவது அரசாணையால் போகலாம். எந்த மாணவரும் அதனைத் தம் உரிமையென்று கூறி நீதிமன்றத்தில் நிலைநாட்ட இயலாது. 2016-இல் பன்னிரண்டாம் வகுப்பில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற ஒரு முகாம் மாணவி, இந்தியக் குடிமகள் அல்லர் என்ற காரணத்தால் மருத்துவக் கலந்தாய்வில் இடம்பெற இயலாமற் போனது நாளிதழ்களில் பரவலாகப் பேசப்பட்டது.

சட்ட அடிப்படை

அரசியலமைப்பின் 14-ஆம் உறுப்பு, சட்டத்தின் முன் சமத்துவத்தை "எந்த நபருக்கும்" அரசு மறுக்கலாகாது என்கிறது. 21-ஆம் உறுப்பு உயிருக்கும் தனிமனித விடுதலைக்கும் தரும் பாதுகாப்பும் "நபர்" என்ற சொல்லாலேயே அமைந்தது. 1996-இல் தேசிய மனித உரிமை ஆணையம் எதிர் அருணாச்சலப் பிரதேச மாநிலம் என்ற வழக்கில், சக்மா மக்களைப் பாதுகாக்குமாறு ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 21-ஆம் உறுப்பு குடிமக்கள் அல்லாதோருக்கும் உரியது என்று கூறியது. இதற்கு முன் மோகினி ஜெயின் வழக்கு (1992), உன்னிகிருஷ்ணன் வழக்கு (1993) ஆகியவற்றில், கல்வி உரிமை 21-ஆம் உறுப்பிலிருந்து பிறப்பது என்று அந்நீதிமன்றம் விளக்கியிருந்தது. உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு அவ்வுரிமையை 14 வயது வரை முழுமையானதாகவும், அதன்பின் அரசின் பொருளாதார வளத்துக்கு உட்பட்டதாகவும் வரையறுத்தது.

2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தம் 21அ உறுப்பைச் சேர்த்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இங்குக் "குடிமக்களின் குழந்தைகள்" என்ற சொற்றொடர் இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் (2009) "ஒவ்வொரு குழந்தையும்" என்றே பேசுகிறது. அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கலாகாது என்கிறது. 4-ஆம் பிரிவு, இடையில் படிப்பை விட்ட பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. படகில் சான்றிதழ்களைத் தொலைத்து வந்த குடும்பத்துக்கு இவ்விரு பிரிவுகளும் எத்துணை பயனுடையவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1991-இல் நிகழ்ந்தது போன்ற பள்ளித் தடையை இன்று விதிப்பதாயின், அது 21அ உறுப்புடன் நேரடியாக மோதும். அன்று அவ்வுறுப்பு இல்லை.

பன்னாட்டு உடன்படிக்கைகளும் துணை நிற்கின்றன. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கையை 1979-இலும் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 1992-இலும் இந்தியா ஏற்றது. பின்னதன் 2-ஆம் உறுப்பு, பெற்றோரின் நிலையைக் காட்டிப் பிள்ளையிடம் பாகுபாடு காட்டலாகாது என்கிறது. உள்நாட்டுச் சட்டத்துடன் முரண்படாத வரை இத்தகைய உடன்படிக்கைகளை அடிப்படை உரிமைகளுக்குப் பொருள் காணப் பயன்படுத்தலாம் என்பது விசாகா தீர்ப்பின் (1997) நிலைப்பாடு.

இனி மறுபக்கம். 15-ஆம் உறுப்பும், அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனங்களில் சேர்க்கை மறுப்பதைத் தடுக்கும் 29(2) உறுப்பும் "குடிமகன்" என்ற சொல்லையே ஆள்கின்றன. பிற்படுத்தப்பட்ட குடிமக்களுக்கான இட ஒதுக்கீட்டின் வேர் 15-ஆம் உறுப்பில் இருப்பதால், ஏதிலி மாணவர் தம் சாதியைக் காட்டி அதைக் கோர இயலாது. 14 வயதுக்குப் பின் "குழந்தை" என்ற சொல்லின் பாதுகாப்பும் முடிவடைகிறது. எஞ்சுவது 14-ஆம் உறுப்பின் சமத்துவம் மட்டுமே. குடிமக்களையும் வெளிநாட்டவரையும் வெவ்வேறாக நடத்துவது நியாயமான வகைப்பாடு என்று அரசு வாதிடும்போது அது பெரும்பாலும் தளர்ந்துவிடுகிறது.

கல்லூரி வாசல்

படிப்புக்குப் படிப்பு நிலைமை வேறுபடுகிறது. கலை, அறிவியல் படிப்புகளில் முகாம் மாணவர் சேர்வதில் சட்டத் தடை குறைவு. பொறியியல் கலந்தாய்வில் ஏதிலி அடையாளச் சான்றுடன் கலந்துகொள்ளலாம். ஆனால் பொதுப்பிரிவில் மட்டுமே கருதப்படுவர். தகரக்கூரை வீட்டில் படித்த முதல் தலைமுறை மாணவர் மாநிலத்தின் மிகக் கடினமான போட்டியில் நிற்கிறார் என்பது இதன் பொருள். மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு இந்தியக் குடியுரிமை கட்டாயம். தகுதித் தேர்வை எழுத வெளிநாட்டவருக்கு வாய்ப்பிருந்தாலும், அரசுக் கட்டணத்தில் இடம் பெறும் வழி அவர்களுக்கு இல்லை.

படிப்பு முடிந்தபின்னும் சிக்கல் தொடர்கிறது. அரசுப் பணிக்கும் பல தொழில்களின் பதிவுக்கும் குடியுரிமை வேண்டும். தனியார் நிறுவனங்களில், குறிப்பாகப் பணியாளரை வெளிநாட்டுக்கு அனுப்பும் மென்பொருள் நிறுவனங்களில், வளாகத் தேர்வில் வென்ற பின்னரும் கடவுச்சீட்டு கேட்கப்படும் கட்டத்தில் வாய்ப்பு நழுவக்கூடும். அண்ணன் பொறியியல் முடித்துச் சாயம் பூசும் வேலைக்குப் போவதைக் கண்ட தம்பி, பத்தாம் வகுப்புடன் நிறுத்திக்கொள்வதில் வியப்பில்லை. பள்ளி இடைநிற்றலுக்கான காரணத்தைப் பள்ளிக்குள் மட்டும் தேடினால் இது புலப்படாது.

ஆவணங்கள்

இத்துறையில் சட்ட உதவி என்பது பெரும்பாலும் ஆவணங்களைத் திரட்டித் தருவதாகவே அமைகிறது. முகாம் மாணவருக்குத் தேவைப்படுபவற்றுள் முதன்மையானவை முகாம் பதிவும் அடையாள அட்டையும், பிறப்புச் சான்றிதழ், முகாமுக்குப் பொறுப்பான தனி வட்டாட்சியரின் சான்று, சூழலைப் பொறுத்துக் காவல்துறையின் கியூ பிரிவினது தடையின்மைச் சான்று ஆகியனவாகும். விடுதியில் தங்கிப் படிப்போர் முகாமில் குறித்த நாட்களில் நடக்கும் ஆள் தணிக்கைக்கு வர இயலாமைக்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். பெறாவிடில் குடும்பத்தின் உதவித்தொகையும் பதிவும் பாதிக்கப்படலாம். தேர்வு நாளும் தணிக்கை நாளும் ஒன்றாக வரும்போது, ஒரு மாணவருக்கு வழக்கறிஞரை விட வட்டாட்சியர் அலுவலகத்தில் பேசத் தெரிந்த ஒருவரே தேவைப்படுகிறார்.

பிறப்புச் சான்றிதழ் தனித்துக் குறிப்பிடத்தக்கது. தமிழ்நாட்டில் நிகழும் எந்தப் பிறப்பும், பெற்றோர் எந்நாட்டவராயினும், 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டும். தொடக்க ஆண்டுகளில் முகாம்களிலேயே நிகழ்ந்த பிறப்புகள் பல பதிவாகவில்லை. பள்ளிச் சேர்க்கைக்கு அச்சான்று இன்றியமையாததன்று. ஆனால் குடியுரிமையை மெய்ப்பிக்கும் நாளில் அதுவே முதற்சான்று. இலங்கைத் துணைத் தூதரகத்தில் தூதரகப் பிறப்புச் சான்று பெறுவதற்கும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் குடும்பங்களுக்கு உதவி வந்துள்ளது. இலங்கைக்குத் திரும்பும் பிள்ளை அங்குப் பள்ளியில் சேரவும் குடியுரிமை பெறவும் அது வேண்டும்.

குடியுரிமை வழக்குகள்

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பிறந்த நாளைக் கொண்டு மூன்று விதிகளை வகுக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும் குடிமகன். அந்நாள் முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்குப் பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இவ்விதிகள் ஒரே குடும்பத்தில் எவ்வாறு செயல்படுகின்றன என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் காணலாம். தாய் 1984-இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். தந்தை 1990-இல் கடவுச்சீட்டு இன்றிப் படகில் வந்தவர். தாய் பிறப்பால் இந்தியக் குடிமகள். அது அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். 2004 மார்ச்சில் பிறந்த மூத்த மகள், தாயின் வழியாகக் குடிமகள். 2007-இல் பிறந்த மகன், தந்தை சட்டவிரோதக் குடியேறி என்பதால் குடிமகன் அல்லன். அக்காள் மருத்துவக் கலந்தாய்வில் கலந்துகொள்ளலாம். தம்பி கலந்துகொள்ள இயலாது. தாயின் பிறப்பு பதிவாகாமல் போயிருந்தால் அக்காளும் தம்பியின் வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

பிறப்பால் வரும் குடியுரிமையை நீதிமன்றங்கள் நிலைநாட்டியுள்ளன. 1986-இல் இந்தியாவில் பிறந்த ஒரு திபெத்தியப் பெண் குடிமகளே என்று தில்லி உயர் நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. 1987-க்கு முன் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சிராப்பள்ளி முகாமில் வாழ்ந்த ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் ஆணையிட்டது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார்.

மலையக வம்சாவளியினருக்கு முதன்மையானது பி. உலகநாதன் எதிர் இந்திய அரசு என்ற வழக்கு. கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்தோர் உள்ளிட்ட 65 பேர், தம் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் என்று காட்டிக் குடியுரிமை கோரினர். 2019 ஜூன் 17 அன்று நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பு, சட்டத்தின் சொற்படி அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகளே என்பதை ஒப்புக்கொண்டது. ஆயினும் நடுவண் அரசுக்கு விதிகளைத் தளர்த்தும் அதிகாரம் உண்டு என்றும், அவர்களின் வம்சாவளி அதற்குத் தக்க காரணம் என்றும் கூறியது. புதிய விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர் அனுப்பவும், நடுவண் அரசு 16 வாரங்களில் முடிவெடுக்கவும் ஆணையிட்டது. நீதிமன்றம் குடியுரிமையை வழங்கவில்லை, முடிவெடுக்குமாறு மட்டுமே பணித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவரின் விண்ணப்பம் அலுவலகத்தில் காத்திருக்கும் காலம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவரின் கலந்தாய்வு நாளுக்காக நிற்பதில்லை.

2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோருக்கு மட்டும் பொருந்தும். இலங்கை அதில் இல்லை. அச்சட்டத்தின் கொள்கை இலங்கை இந்துத் தமிழருக்கும் பொருந்தும் என்று மதுரைக் கிளை 2022-இல் ஒரு வழக்கில் கருத்துத் தெரிவித்தது.

பிற நாடுகளில்

இச்சிக்கல் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1975-இல், ஆவணமற்ற குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி மாவட்டங்கள் சேர்க்கையை மறுக்க இடமளித்தது. டைலர் என்ற ஊரின் பள்ளி மாவட்டம் அப்பிள்ளைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கேட்டது. பிளைலர் எதிர் டோ வழக்கில் 1982 ஜூன் 15 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் இதனைச் செல்லாது என்றது. அங்கும் தீர்ப்பின் திருப்பம் "நபர்" என்ற சொல்லே: பதினான்காம் திருத்தத்தின் சமப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று. அத்தீர்ப்பும் பள்ளியுடன் நின்றது, கல்லூரியைத் தொடவில்லை. ஈழத்தமிழர் பெருந்தொகையில் வாழும் கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்தில், பெற்றோரோ பிள்ளையோ சட்டப்படி நாட்டில் இல்லை என்பதைக் காரணங்காட்டிப் பள்ளிச் சேர்க்கையை மறுக்கலாகாது என்று கல்விச் சட்டமே (பிரிவு 49.1) கூறுகிறது.

இந்தியாவில் ரோகிங்கியா பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை குறித்த பொதுநல வழக்கைத் தில்லி உயர் நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஏற்க மறுத்தது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அப்பிள்ளைகள் முதலில் அரசுப் பள்ளிகளை அணுகலாம் என்றும், மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம் என்றும் கூறியது. 21அ உறுப்பின் "எல்லாக் குழந்தைகளும்" என்ற சொல்லுக்கு விரிவான விளக்கம் அதில் தரப்படவில்லை.

அண்மைய நிலை

2021 ஆகஸ்ட் 27 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்த ரூ. 317 கோடிக்கு மேற்பட்ட திட்டத்தில் வீடுகள் கட்டுவதுடன் கல்வியும் இடம்பெற்றது. பொறியியல் படிப்பில் சேரும் முகாம் மாணவருள் மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 பேரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்பதென்றும், பிற மாணவர்களின் ஆண்டு உதவித்தொகையை உயர்த்துவதென்றும் அறிவிக்கப்பட்டது. குடியுரிமை உள்ளிட்டவற்றை ஆராய ஓர் ஆலோசனைக் குழுவும் அமைக்கப்பட்டது. இவையும் 1996-இல் கிடைத்தவற்றைப் போல அரசாணைவழிச் சலுகைகளே.

2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடிவரவு, வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ் பிறப்பிக்கப்பட்ட விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, நுழைவிசைவு தொடர்பான விதிகளிலிருந்து விலக்களித்துள்ளது. கடவுச்சீட்டு இன்றி வந்தமைக்காக வழக்குத் தொடரப்படும் என்ற அச்சத்தை இது போக்குகிறது. இவ்வாணை குடியுரிமை வழங்குவதன்று. குடியுரிமைச் சட்டத்தின் "சட்டவிரோதக் குடியேறி" என்ற வரையறையும் திருத்தப்படவில்லை. இவ்விலக்கைக் காட்டி அவ்வரையறையிலிருந்தும் விடுபட முடியுமா என்பது, 2004 டிசம்பருக்குப் பின் பிறந்து இப்போது கல்லூரி வயதை எட்டியுள்ள முகாம் பிள்ளைகளைப் பொறுத்தவரை முதன்மையான சட்டக் கேள்வியாகும்.